கரிசல் காட்டு ஹைஸ்கூல்

விருதுநகர்

மதுரையை விட்டு ரயில் தெற்கே இறங்கி, திருமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. புரட்டாசி மாதம். உழுது போட்ட நிலங்கள் கருகருவென்று மழைக்குக் காத்துக் கிடந்தன. நான் கும்பகோணத்துக்காரன். எங்கள் பக்கம் நிலம் என்றால் வரப்பும் வாய்க்காலும் மடையும் சேர்ந்ததுதான். இங்கே ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஓடைக் கரையெல்லாம் வேலிக்கருவை. தூரத்தில் ஒற்றைப் பனை. அதற்கும் அப்பால் ஒரு கோயில் கோபுரம். வானம்தான் பெரிதாக இருந்தது.

எங்கள் ஊரில் டவுன் ஹைஸ்கூல் 1864 இல் தோன்றியது. கணித மேதை ராமானுஜன் படித்த பள்ளி. அங்கே ஓர் ஆங்கிலப் பள்ளி எழுந்ததில் வியக்க ஒன்றுமில்லை. காவிரி நெல் கொடுத்தது, நெல் ஓய்வு கொடுத்தது, ஓய்வு இருந்த குடும்பங்கள் பிள்ளைகளை உத்தியோகத்துக்குத் தயார் செய்தன. மழையை மட்டும் நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்த இந்த மண்ணில், அதே காலத்தை ஒட்டி, ஹைஸ்கூல்கள் எப்படி எழுந்தன? அதைக் கேட்டுக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனேன்.

விருதுநகர்க் கடைவீதியில் இறங்கியதும் மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏறியது. மல்லி, பருப்பு, எண்ணெய், சாக்கு மூட்டை, கைவண்டி. ஊர் முழுக்க வியாபாரம். ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவரிடம் கே.வி.எஸ். பள்ளிக்கு வழி கேட்டேன். வழி சொல்வதற்கு முன் உட்காரச் சொன்னார்.

“நீங்க அந்தப் பள்ளிக்கூடத்தப் பாக்கணும்னா மொதல்ல இந்த மூட்டையப் பாருங்க தம்பி” என்றார். “எங்க தாத்தா காலத்துல மூட்டைக்கு இவ்வளவுன்னு மகமை எடுத்து வைப்பாங்க. லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் மகமை மகமைதான். அதுலதான் கோயிலு, கெணறு, பள்ளிக்கூடம் எல்லாம்.”

கே.வி.எஸ். என்கிற க்ஷத்ரிய வித்யாசாலா 1889 இல் தொடங்கப்பட்டது. ஊர் அப்போது விருதுபட்டி. விருதுநகர் என்ற பெயர் 1923 இல்தான் வந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாமல் தடுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்து வணிகர்கள், உறவின்முறை என்ற கட்டுக்கோப்பின் வழியாகத் தங்கள் வியாபாரத்திலிருந்தே ஒரு பொது நிதியைத் திரட்டினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1899 இல், பக்கத்துச் சிவகாசியில் கோயில் நுழைவை ஒட்டிக் கலவரமே வெடித்தது. அந்தச் சூழலை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்தப் பள்ளியின் பெருமை விளங்கும். கோயில் கதவு திறக்கும்வரை காத்திருக்காமல் பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

மகமை ஆண்கள் கொடுத்தது. பெண்கள் கொடுத்தது பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவது. அதை வீடு வீடாகச் சேகரித்துப் பள்ளிக்குச் செலவிடுவது. வாத்தியார் சம்பளம் அடுப்படியிலிருந்து போயிருக்கிறது என்று எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்ந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு நிலம் எழுதி வைத்த பெரிய மனிதர்களின் படங்கள் கூடங்களில் மாட்டியிருக்கும். பிடியரிசி போட்ட பெண்களுக்கு எங்கே படம் மாட்டுவது?

காமராசர் படித்தது இந்தப் பள்ளியில்தான். 1903 இல் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்தவர். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குள் படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்மாமனின் துணிக்கடைக்குப் போனவர். ஊரே கூடிக் கட்டிய பள்ளியிலும் ஓர் ஏழை விதவையின் மகனால் நீடிக்க முடியவில்லை. இதை மறக்காமல்தான் எட்டயபுரம் வரை போக வேண்டும்.

இரவு எண்ணெய்ப் பரோட்டா. மொறுமொறுவென்று உடைத்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றினார்கள்.

சாத்தூர்

பஸ் நிலையத்தில் நின்ற வண்டியின் ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகள் உயர்ந்தன. காராச்சேவு வாங்கிக்கொண்டு நடந்தேன். வைப்பாற்றில் மணல்தான் ஓடியது. பாலத்தின் மீது நின்ற ஓர் அம்மா, ஐப்பசியில் வந்து பாருங்கள், தண்ணீர் வரும் என்று உறுதியாகச் சொன்னார். இந்தப் பக்கத்து மனிதர்கள் மழையைப் பற்றிப் பேசும்போது எப்போதும் வரப்போவதாகவே பேசுகிறார்கள்.

பள்ளிப் பெயர்களைப் பாருங்கள். சிவகாசியில் இந்து நாடார்கள் விக்டோரியா பள்ளி. சாத்தூரில் இந்து நாடார்கள் எட்வர்டு பள்ளி. இங்கேயே எத்தல் ஹார்வி என்ற ஆங்கிலப் பெயரில் ஒரு பள்ளி, அதையொட்டி ஒரு சாலை. பணம் கரிசல்காட்டுப் பருத்தியிலும் மிளகாயிலும் வந்தது. பெயர்ப் பலகையில் ராணியும் ராஜாவும் ஏறினார்கள். ஆள்வோரின் அங்கீகாரம் தேவைப்பட்ட காலம் அது. அந்தப் பெயருக்கு அடியில் ஊரின் பெயரையும் சமூகத்தின் பெயரையும் விடாமல் எழுதிக்கொண்டதில் ஒரு பிடிவாதம் தெரிகிறது.

மிஷனரிமார் கதை வேறு தடத்தில் போகிறது. தெற்கே பனங்காட்டுத் தேரிப் பகுதியில் அவர்களுக்குப் பெரிய ஊர்களும் பள்ளிகளும் இருந்தன, சாயர்புரத்தில் ஜி.யு. போப் 1842 இலேயே கல்விப் பணியைத் தொடங்கிவிட்டார். கரிசலுக்குள் அவர்கள் நுழைந்தது பிந்தி. தாமஸ் ராக்லண்டு என்ற கேம்பிரிட்ஜ் கணிதப் பட்டதாரி 1854 இல் சிவகாசியை மையமாக வைத்து, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். நான்கே ஆண்டு. 1858 இல் சிவகாசியிலேயே இறந்தார். கேம்பிரிட்ஜில் தேர்வில் நான்காம் இடம் பிடித்த ஒருவர் இந்த வெயிலில் கூடாரத்துக்குள் வாழ்ந்து மடிந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள்தான் பள்ளிகளை எழுப்பினார்கள்.

கோவில்பட்டி

கோவில்பட்டியைத் தூக்கிவிட்டது ரயில். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876 இல் பாதை திறந்தபோது, துறைமுகத்துக்குப் போகிற பருத்திக்கு இது ஒரு நிறுத்தம். பிறகு ஆலைகள் வந்தன. 1901 இல் அரசு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வந்தது. கருங்கண்ணிப் பருத்தி என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள்; சொல்லும்போது குரலில் ஒரு செல்லம் இருக்கிறது. இப்போது அந்த நிலங்களில் பெரும்பாலும் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும்.

ஆலையும் ரயிலும் நீதிமன்றமும் வந்த ஊருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். சிறையிலிருந்து வெளிவந்து, கப்பலும் சொத்தும் போன நிலையில், வ.உ. சிதம்பரம் பிள்ளை வக்கீல் தொழில் செய்த ஊர்களில் இது ஒன்று. 1932 இல் தூத்துக்குடிக்குப் போகும்வரை இங்கே இருந்தார். ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பிறந்ததும் இந்தக் கரிசலிலேதான், ஓட்டப்பிடாரத்தில். ஆனால் உயர்நிலைப் படிப்புக்கு அவர் தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. அவர் பெயரில் கோவில்பட்டியில் ஹைஸ்கூல் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டாம்.

பள்ளியை அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். எண்பதை நெருங்குகிறவர். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து கம்மங்கூழும் மோர்மிளகாயும் வந்தன.

“ஹைஸ்கூலுன்னா அப்ப என்னன்னு உங்களுக்குத் தெரியாது ஐயா” என்று ஆரம்பித்தார். “கிராமத்துல அஞ்சாப்பு. பெரிய ஊருன்னா எட்டாப்பு. அதுக்கு மேல படிக்கணும்னா இங்க வரணும். ஏழு மைலு எட்டு மைலு நடந்து வருவான். மழை பேஞ்சா கரிசக்காட்டுல செருப்புப் போட்டு நடக்க முடியாது. சேறு அப்பிக் காலு ரெண்டும் கல்லு மாதிரி கனக்கும். பய ரெண்டாம் பீரியடுக்குத்தான் வருவான். வெளிய நிக்க வைக்க மனசு வராது.”

“வராமலே போனவர்கள்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அது ஒரு பெரிய கணக்கு. ஒம்பதாப்புல நாப்பது பேரு சேருவான். பதினொண்ணுல பாத்தா பாதிப் பெஞ்சு காலியா இருக்கும். மழ பொய்ச்ச வருசம்னா இன்னும் மோசம். நான் ஊருக்குத் தேடிப் போயிருக்கேன். அப்பா காட்டுல இருப்பாரு. பொம்பளப் பிள்ளைக தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கும்.”

இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்பதில்லை. ஆபீஸ்தான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பியது 1920களின் தொடக்கம். மழை இல்லாத பூமிக்கு அது சோறு போட்டது; அதை மறுக்க முடியாது. ஆனால் பிள்ளைகளின் விரல்களைத்தான் அது முதலில் கேட்டது. விடியும் முன்பே கம்பெனி பஸ் கிராமத்துக்குள் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் ஏறிப் போய்க் கட்டை அடுக்கின, பெட்டி ஒட்டின. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ என்று ஒரு படமே எடுத்தார். 1986 இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது; 1996 இல் சிவகாசிப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் ஒரு பக்கம், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஒரு பக்கம், இயந்திரங்கள் ஒரு பக்கம். மெல்ல மெல்ல அந்த பஸ்கள் காலியாயின.

அந்த பஸ்ஸில் போன ஒருவரையும் பார்த்தேன். இப்போது கடலைமிட்டாய்க் கடை ஒன்றில் பொட்டலம் மடிக்கிறார். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்கிறேன் என்று தெரிந்ததும் அவராகவே பேசினார்.

“நான் நாலாப்போட நின்னுட்டேன் தம்பி. எங்க அம்மா மேல கோவம் இல்ல, அவுக என்ன செய்வாக. என் மக பன்னெண்டாப்பு முடிச்சு நர்சிங் படிக்கா. இங்கிலீஷ்ல மருந்து சீட்டு வாசிச்சுச் சொல்லுதா.” சொல்லிவிட்டு ஒரு துண்டு மிட்டாயை உடைத்து என் கையில் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மானாவாரி நிலத்துக் கடலை, மண்டை வெல்லம், சரியான பாகுப் பதம். பல்லில் ஒட்டாமல் நொறுங்க வேண்டும்.

1978 இல் பிளஸ் டூ வந்தபோது இந்த ஹைஸ்கூல்கள் மேல்நிலைப் பள்ளிகளாயின. பெரியவர்கள் வாயில் இன்னும் ஹைஸ்கூல்தான். பக்கத்து விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுக்கணக்காக முதலிடத்தை விடாமல் வைத்திருந்தது. 2023 இல் மறுபடியும் 97.85 சதவீதத்தோடு முதலிடம் பிடித்தது. ஆற்றுப் பாசனம் உள்ள எங்கள் மாவட்டங்கள் பின்னால்தான் நிற்கின்றன. வேறு பிடிமானம் இல்லாத மண்ணில் படிப்பைப் பற்றிக்கொண்ட கை இறுக்கமாக இருக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த இறுக்கம் பிள்ளைகளின் கழுத்தையும் சில நேரம் நெரிக்கிறது என்று ஆசிரியர் வருத்தப்பட்டார். “இப்ப மார்க்குதான் ஐயா. பாடத்த ரசிச்சுப் படிக்கிறவன் கொறஞ்சுட்டான்.”

இடைசெவல்

நான்குவழிச் சாலையில் திருநெல்வேலி நோக்கிப் போனால் சிறிது நேரத்தில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இருவரும் ஏறக்குறைய ஒத்த வயதினர். ஒருவர் சம்சாரி, அதாவது விவசாயி வீட்டுப் பிள்ளை. மற்றவர் ஆசாரி வீட்டுப் பிள்ளை.

அழகிரிசாமி படித்துப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் ஆனார்; பிறகு சென்னை, மலேசியா, பத்திரிகைகள். 1970 இல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ராஜநாராயணன் எஸ்.எஸ்.எல்.சி. பக்கமே போகவில்லை. உடம்பு சரியில்லை, படிப்பும் ஓடவில்லை. அவர்தான் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். பட்டம் எதுவும் இல்லாமல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 2021 இல் அவர் மறைந்தபோது, அவர் படித்த ஊராட்சிப் பள்ளியைப் புதுப்பிக்கப் போவதாகவும் கோவில்பட்டியில் நினைவில்லம் எழுப்பப் போவதாகவும் அரசு அறிவித்தது. நினைவில்லம் 2022 இல் திறக்கப்பட்டுவிட்டது.

கி.ரா.வை முன்வைத்து, பள்ளிக்கூடம் தேவையே இல்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருக்கு நிலம் இருந்தது, வீடு இருந்தது, பக்கத்திலேயே அழகிரிசாமி என்ற படிப்பாளி நண்பர் இருந்தார். அதே ஊரில், அதே வயதில், காலனித் தெருவிலிருந்து ஒரு பையன் ஹைஸ்கூலுக்குப் போகாமல் நின்றிருந்தால் அவனுக்குக் காத்திருந்தது பண்ணை வேலை மட்டும்தான். ஒரு தலைமுறை கழித்துத்தான் அந்தத் தெருக்களிலிருந்து பிள்ளைகள் படிப்பில் மேலே ஏறி வந்தார்கள். பூமணி அப்படி வந்து அரசு அதிகாரியானவர். அவருடைய ‘அஞ்ஞாடி’ 2014 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 2019 இல் ‘சூல்’ நாவலுக்காக உருளைக்குடி சோ. தர்மன் பெற்றார்.

ஊர்க் கோயில் பக்கம் வேப்பமரத்து நிழலில் ஆடுகளை மேயவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், இலக்கியம் தேடி வருகிறவர்களைப் பார்த்துப் பழகியிருந்தார். “எழுத்தாளர் வீடு அந்தா இருக்கு” என்று கேட்காமலே கையைக் காட்டினார். நான் பள்ளிக்கூடத்தைக் கேட்டதும் அவருக்கு மகிழ்ச்சி. அவரும் அங்கேதான் படித்தாராம்.

எட்டயபுரம்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே திரும்பியதும் காற்றின் வேகம் கூடியது. இருபுறமும் காடு, கரிசலில் காடு என்றால் விளைநிலம். உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள்.

எட்டயபுரத்தில் எல்லாரும் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கிறார்கள், அடுத்து மணிமண்டபம். கல்கி முன்னின்று வாசகர்களிடம் நிதி திரட்டிக் கட்டியது. 1945 இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், 1947 இல் திறப்பு விழா. நான் தேடியது வேறு ஒன்று. பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் இந்த ஊரில் பஞ்சாலை தொடங்கினார். பருத்தி விளையும் ஊர், ரயில் எட்டும் தூரம், இயந்திரத்தில் நாட்டம் உள்ள மனிதர். அது நிலைத்திருந்தால் கரிசல் மண்ணிலேயே ஒரு உள்ளூர்த் தொழில் வளர்ந்திருக்கும். வெள்ளையர் கம்பெனிகளோடு போட்டிபோட முடியாமல் ஆலை நொடித்தது. 1898 இல் அவரும் மறைந்தார்.

அந்த ஆலை தள்ளாடிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் மகன் ஆங்கிலம் படித்தது. 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில். எட்டயபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பணம் முடைப்பட்டபோது, பதினான்கு வயதுப் பையன் படிப்புக்கு உதவி கேட்டு 1897 இல் ஜமீந்தாருக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதினான். பிற்காலத்தில் சுயசரிதைப் பாடலில் அந்த ஆங்கிலப் படிப்பை அவர் கடுமையாகச் சாடினார். தந்தையின் பணம் கரைந்தது, தனக்கு வந்ததோ கேடு என்பது அவர் வழக்கு. நாட்டின் வரலாறும் இலக்கியமும் சொல்லித்தராத படிப்பு என்ற கோபம் அது. அந்தக் கோபத்தை நான் ஏற்கிறேன். அதே ஆங்கிலத்தின் வழியாகத்தான் ஷெல்லியும் உலகச் செய்திகளும் அவரை வந்து சேர்ந்தன என்பதையும் சேர்த்தே ஏற்கிறேன்.

இப்போது எட்டயபுரத்திலேயே ராஜா மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. மணி அடித்ததும் பிள்ளைகள் சைக்கிள்களில் பாய்ந்து வந்தார்கள். அரசு கொடுத்த ஒரே மாதிரிச் சைக்கிள்கள். சுற்றுக் கிராமங்களின் பெயர்களை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு மாணவி, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதை எனக்கு விளக்கினாள். அக்கா ஒருத்தி வேறு அரசுப் பள்ளியில் அதற்காகப் படிக்கிறாளாம்.

“மதியம் சாப்பாடு எப்படி?” என்று கேட்டேன்.

“முட்டை போடுவாங்க சார். நான் எட்டாவது வரைக்கும் தினம் சாப்பிட்டேன்.”

இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, அந்தச் சாப்பாட்டின் கதையும் இந்த ஊரோடு பின்னியது. 1956 இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எட்டயபுரத்தில்தான். கல்வித் துறையில் நெ.து. சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். முதலில் அரசுப் பணம் மட்டும் அல்ல. ஊர் மக்கள் தானியமும் விறகும் காய்கறியும் கொடுத்தார்கள். விருதுபட்டியில் ஒரு சமூகத்துப் பெண்கள் தங்கள் பள்ளிக்காக எடுத்து வைத்த பிடியரிசி, அந்தப் பள்ளியில் படிப்பை விட்ட பையன் முதலமைச்சரானதும் மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாருக்குமான சோறாக ஆயிற்று. ஹைஸ்கூலைக் கட்டுவது பாதி வேலை. கிராமத்து ஐந்தாம் வகுப்புக்கும் அந்த ஹைஸ்கூலுக்கும் நடுவே கிடந்த பசியைத் தாண்ட வைத்தது மீதிப் பாதி. அந்தப் பாதியைச் செய்து காட்டியது இந்த வறண்ட மண்.

கரிசலின் மழையை, பஞ்சத்தை, சம்சாரியை, தீப்பெட்டி ஆபீஸை எல்லாம் அதன் எழுத்தாளர்கள் எழுதிவிட்டார்கள். இந்தப் பள்ளிக்கூடங்களின் வரலாறும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும். மகமைக் கணக்கு நோட்டுகள், நூறாண்டுக்கு முந்தைய சேர்க்கைப் பதிவேடுகள், பிடியரிசி போட்ட குடும்பங்களின் பட்டியல்கள் அலமாரிகளில் செல்லரித்துப் போவதற்குள் அவற்றை எடுத்துப் படமெடுத்து வையுங்கள். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், எட்டயபுரத்துப் பழைய மாணவர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் அந்தப் பழைய பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். எண்பது வயது வாத்தியார்கள் இன்னும் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.